ஹேங் கிளைடர் யாருடைய கண்டுபிடிப்பு? காலவரிசைப் பக்கத்தைத் திருத்துவது குறித்த விவாதம்

மலைக்காற்று எழுதியது:

மனிதன் தொங்கியபடி பறக்கும் இயந்திரமில்லாத கருவியான ஹேங் கிளைடரைப் பற்றி, நமது மன்றத்தின் வானூர்திக் காலவரிசையில் "ஹேங் கிளைடர் – கண்டுபிடித்தவர்: பிரான்சிஸ் ரொகாலோ, நாசா" என்று ஒரு வரி இருக்கிறது. அதை நீக்கிவிட்டு ஜான் டிக்கென்சனின் பெயரை எழுத வேண்டும் என்று முன்மொழிகிறேன்.

டிக்கென்சன் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், கிராஃப்டன் என்ற சிறிய ஊரில் வாழ்ந்த மின்னணுத் தொழில்நுட்பர். அவ்வூரின் நீர்ச்சறுக்குக் கழகத்தார், ஆண்டுதோறும் நடக்கும் ஜகரண்டா விழாவில் படகு இழுக்க மனிதனைத் தூக்கிக்கொண்டு பறக்கும் பட்டம் ஒன்றைக் காட்ட விரும்பி, 1963-இல் அவரை நாடினார்கள். அக்காலத்தில் இருந்த தட்டைப் பட்டங்கள் சொன்னபடி கேட்காதவை. பறப்பவரைத் தண்ணீரில் குப்புறத் தள்ளுவதில் பேர்போனவை. காற்றின் அழுத்தத்தாலேயே வடிவம் பெறும் ரொகாலோவின் நெகிழ் இறக்கையை டிக்கென்சன் ஒரு பத்திரிகைப் படத்தில் பார்த்தார். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு, மரச்சட்டம், அலுமினியக் குழாய், வாழைத் தோட்டங்களில் குலைகளை மூடப் பயன்படும் பிளாஸ்டிக் தாள் ஆகியவற்றால் ஓர் இறக்கையைச் செய்தார்.

ஆனால் அவருடைய உண்மையான சாதனை இறக்கைக்குக் கீழே இருந்தது. எடைமையத்துக்கு அருகில் ஒரு புள்ளியிலிருந்து மனிதனை ஊசல் போலத் தொங்கவிட்டு, அவன் கைக்கு எட்டும்படி இறக்கையோடு அசையாமல் பிணைத்த முக்கோணச் சட்டம் ஒன்றை வைத்தார். சட்டத்தை முன்னால் தள்ளினால் மூக்கு உயர்கிறது. தன்னை நோக்கி இழுத்தால் தாழ்கிறது. உடலைப் பக்கவாட்டில் நகர்த்தினால் இறக்கை அந்தப் பக்கம் சாய்ந்து திரும்புகிறது. அதே முக்கோணம் இறக்கையை விறைப்பாக வைத்திருக்கும் கம்பிகளுக்கும் அடித்தளமாகிறது. 1963 செப்டம்பர் 8 அன்று இந்தக் கருவி பறந்தது. இன்று எந்த நாட்டின் மலைச்சரிவில் ஹேங் கிளைடரைக் கண்டாலும் அதன் கீழே இதே முக்கோணம் இருக்கிறது. உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பும் 2012-இல் தனது உயரிய விருதான தங்க வான்பதக்கத்தை டிக்கென்சனுக்கு வழங்கியது.

அளவுகோல் எழுதியது:

நண்பர் மலைக்காற்று இறக்கையை ஒரே வரியில் கடந்துவிட்டு, கைப்பிடியைப் பற்றி ஒரு பத்தி முழுவதும் எழுதியிருக்கிறார். பறப்பது இறக்கைதான், சட்டம் அன்று.

அந்த இறக்கை ஒரு பத்திரிகைப் படத்தில் தானாக முளைக்கவில்லை. ரொகாலோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும், ரொகாலோ வேலைபார்த்த அலுவலகம் அந்த எண்ணத்துக்கு ஆதரவு தராத நிலையில், வீட்டிலேயே மின்விசிறியை வைத்துக் காற்றுச் சுரங்கம் அமைத்து, சமையலறைத் திரைச்சீலையை வெட்டி மாதிரிகள் செய்து, விறைப்பான எலும்புக்கூடே இல்லாத ஓர் இறக்கை காற்றின் அழுத்தத்தாலேயே தன் வடிவத்தைப் பெற முடியும் என்பதை நிலைநாட்டினார்கள். 1948-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1951-இல் கிடைத்தது. அந்த ஆவணத்தில் கெர்ட்ரூடின் பெயரும் இருக்கிறது என்பதையும், நம் காலவரிசை அவரை முற்றிலும் விட்டுவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். திருத்த வேண்டுமானால் முதலில் அதைத் திருத்துங்கள்.

மேலும், ரொகாலோ இறக்கையில் தொங்கிப் பறந்த முதல் மனிதரும் டிக்கென்சன் அல்லர். கலிஃபோர்னியாவில் லட்ரோப் அருகே 1961-இலேயே பாரி பால்மர் என்ற பொறியாளர், அலுமினியக் குழாயும் பாலிஎத்திலீன் தாளும் கொண்டு செய்த கிளைடரோடு சரிவில் ஓடிக் காலாலேயே மேலெழும்பினார். கிராஃப்டனில் பறந்ததோ படகின் கயிற்றில் கட்டிய பட்டம்.

மலைக்காற்று எழுதியது:

பால்மரைக் கொண்டுவந்ததற்கு நன்றி. அவர் என் கட்சிக்கே சாட்சி. அவர் பறந்தார், மகிழ்ந்தார், நிறுத்திக்கொண்டார். அவரிடமிருந்து ஒரு பரம்பரை உருவாகவில்லை. டிக்கென்சனிடமிருந்தோ ஒரு வழித்தோன்றல் தொடங்குகிறது: சிட்னியின் நீர்ச்சறுக்கு வீரர்களான பில் மொயஸும் பில் பென்னட்டும் அவர் வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள், மொயஸ் அதை மலைக்குக் கொண்டுபோனார், பென்னட் 1969-இல் அமெரிக்காவுக்கே கொண்டுபோனார். ரொகாலோவின் சொந்த நாட்டுக்கே அந்த இறக்கை ஆஸ்திரேலியா வழியாக, மனிதன் பறக்கத் தகுந்த உருவில் திரும்பி வந்தது.

நாசா என்ன செய்தது? ஜெமினி விண்கலத்தைக் கடலில் விழாமல் தரையில் இறக்க இந்த இறக்கை உதவும் என்று நம்பி, பேரெஸெவ் என்ற சோதனை வண்டியைச் செய்தது. அதில் விமானி கீழே ஒரு சட்டகத்தில் உட்கார்ந்து, தலைக்கு மேலிருந்து இறங்கும் கோலால் இறக்கை முழுவதையும் சாய்க்க வேண்டும். நீல் ஆம்ஸ்ட்ராங்கே அதை ஓட்டியிருக்கிறார். அத்தனை பொறியாளர்களுக்கும் தோன்றாத எளிய வழி ஒன்று ஒரு சிற்றூர்க்காரருக்குத் தோன்றியது. 1964-இல் ஜெமினித் திட்டம் இறக்கையையே கைவிட்டது.

அளவுகோல் எழுதியது:

ஜெமினியில் தோற்றது இறக்கையின் பறக்கும் திறன் அன்று. விண்கலத்துக்குள் மடித்து வைத்த, காற்று நிரப்பும் இறக்கை ஒன்று, கீழே விழுந்துகொண்டிருக்கும்போது ஒழுங்காக விரிய வேண்டும். அந்த விரிப்பு நம்பகமாக அமையாமல் கால அட்டவணை கைமீறிப் போனதால்தான் பாராசூட்டே போதும் என்று முடிவு செய்தார்கள். விரித்த நிலையிலேயே கட்டப்பட்ட பேரெஸெவ் பறக்கத்தான் செய்தது. டிக்கென்சன் பார்த்த படம் அச்சில் வரக் காரணமே இந்த ஆய்வுகளை ஒட்டி எழுந்த ஆர்வம்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

பழஞ்சுவடி எழுதியது:

இருவரும் 1948-க்கு முன்னால் உலகமே இல்லாதது போல் வாதிடுகிறீர்கள்.

ஜெர்மனியின் ஓட்டோ லிலியென்தால் 1891 முதல் 1896 வரை ஏறத்தாழ 2000 முறை பறந்தார். மிக நீண்ட பறத்தல்கள் 250 மீட்டரை எட்டின. பெர்லின் அருகே லிக்டர்ஃபெல்டேவில் 15 மீட்டர் உயரச் செயற்கைக் குன்றையே எழுப்பிக்கொண்டார். வில்லோ மரக்குச்சியும் பருத்தித் துணியும் கொண்ட, 20 கிலோ அளவே எடையுள்ள ஒரே மாதிரியைப் பலருக்காகச் செய்து விற்கவும் செய்தார். உடலை அசைத்து எடையை நகர்த்தியே அதை ஓட்ட வேண்டும். மனிதன் தொங்கிப் பறக்கும் இயந்திரமில்லாத கருவிதான் ஹேங் கிளைடர் என்றால், அது 1890-களிலேயே விற்பனைக்கு இருந்தது. டிக்கென்சனின் முக்கோணமும் புதிதன்று. அக்கால ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரத்துக் கிளைடர் கழகத்தார் 1908 வாக்கிலேயே அத்தகைய சட்டத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இன்னும் பின்னோக்கிப் போனால் ஊல்ம் நகரத்துத் தையற்காரர் அல்பிரெக்ட் பெர்ப்லிங்கர் இருக்கிறார். செயற்கைக் கால் செய்யத் தெரிந்த கைவினைஞர் அவர். 1811 மே 31 அன்று ஊரே கூடி நிற்க, தம் இறக்கையோடு நகர மதிலிலிருந்து பாய்ந்து நேராக டான்யூப் ஆற்றில் விழுந்தார். எஞ்சிய வாழ்நாள் முழுவதும் ஏளனத்துக்கு ஆளாகி வறுமையில் இறந்தார். 1986-இல் அதே இடத்தில் நவீன கிளைடர்களோடு ஒரு போட்டி வைத்தபோதுதான், அந்த ஆற்றங்கரையின் காற்று எவ்வளவு பொல்லாதது என்பது தெரிந்தது. தேர்ந்த விமானிகளே திணறினார்கள். கருவியை விட இடமே அவரைக் கைவிட்டது என்று சொல்ல இடமிருக்கிறது. கிறுக்கர் என்று ஊர் ஒதுக்கியவர்களை நம் காலவரிசையும் ஒதுக்க வேண்டுமா?

அளவுகோல் எழுதியது:

பழஞ்சுவடி ஐயா, லிலியென்தாலையும் பெர்ப்லிங்கரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்ததை நான் ஏற்கவில்லை. லிலியென்தால் பொறியாளர், நீராவி இயந்திரமும் கொதிகலனும் செய்த சொந்தத் தொழிற்சாலை உடையவர். குன்றிலிருந்து குதிப்பதற்கு ஆண்டுகள் பல முன்பே சுழலும் நீண்ட கோலின் நுனியில் வளைந்த பரப்புகளைப் பொருத்தி அவற்றின் தூக்குவிசையை அளந்து, 1889-இல் அதை நூலாக வெளியிட்டவர். அண்மையில், 2016-இல், ஜெர்மன் வான்வெளி ஆய்வு மையம் அவருடைய கிளைடரின் மறுபடைப்பைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து, அது நிலைத்தன்மை உடையது என்று கண்டது. அவர் அளந்தவர்களின் கட்சி.

கிறுக்கு என்ற சொல்லுக்கு இலக்கணம் வேண்டுமானால் பாரிஸ் நகரத்துத் தையற்காரர் ஃபிரான்ஸ் ரைஷெல்ட்டைப் பாருங்கள். தாம் தைத்த பாராசூட் உடையைப் பொம்மைக்கு அணிவித்து நடத்திய சோதனைகள் நம்பிக்கை தராத பிறகும், உயரம் போதாததே காரணம் என்று முடிவுசெய்து, பொம்மையைத்தான் தள்ளப்போவதாகச் சொல்லி அனுமதி பெற்று, 1912 பிப்ரவரி 4 அன்று ஈஃபிள் கோபுரத்தின் முதல் தளத்திலிருந்து தாமே குதித்து இறந்தார். துணிச்சலில் இவர் லிலியென்தாலுக்குக் குறைந்தவர் அல்லர். அளவீடு சொன்னதைக் கேட்டாரா இல்லையா என்பதே இருவருக்கும் உள்ள வேறுபாடு.

இது 1970-களுக்கும் பொருந்தும். கொல்லைப்புறத்தில் செய்த ரொகாலோ இறக்கைகளில் கொடிய குறை ஒன்று மறைந்திருந்தது. மூக்கு அளவுக்கு மீறித் தாழ்ந்தால் இறக்கைத் துணியான பாய் காற்றழுத்தத்தை இழந்து கொடித்துணி போலப் படபடக்கும். வடிவம் போய்விடுவதால் மூக்கை உயர்த்தும் விசையும் போய்விடும். எடையை எவ்வளவு பின்னால் தள்ளினாலும் கிளைடர் மீளாமல் செங்குத்தாகத் தரையை நோக்கிப் பாயும். பலர் இப்படி இறந்தார்கள். பத்திரிகைப் படத்தைப் பார்த்துச் செய்த கருவியின் விலை அது.

மலைக்காற்று எழுதியது:

அந்தப் பாய்ச்சலைத் தீர்த்தவர்கள் யார் என்பதையும் சொல்லியிருக்கலாம். இறக்கையின் மேலே நிற்கும் நடுக்கம்பத்தின் உச்சியிலிருந்து பாயின் பின்விளிம்புக்குக் கயிறுகள் கட்டி, மூக்கு தாழும்போது அவ்விளிம்பு மேல்நோக்கியே நிற்கச் செய்தவர்களும், இறக்கை நுனிகளுக்கு விறைப்பான உருவம் கொடுத்தவர்களும், ஓடும் வண்டியின் மேல் கிளைடரைப் பொருத்தி அதன் விசைகளை அளந்தவர்களும் அந்தச் சிறு தயாரிப்பாளர்களும் விமானிகளுமே. அவர்களே சங்கம் அமைத்து, தேறாத கிளைடருக்குச் சான்று இல்லை என்று விதி செய்தார்கள். அளவீடு அரசு ஆய்வுக்கூடத்தின் தனிச்சொத்து அன்று.

1971 மே 23 அன்று, லிலியென்தாலின் 123-ஆம் பிறந்தநாளைக் கொண்டாடத் தெற்குக் கலிஃபோர்னியாவின் ஒரு சரிவில் கூடியவர்களை எண்ணிப் பாருங்கள். டாரஸ் கிசெனியுக் என்ற இளைஞர் மூங்கிலும் பிளாஸ்டிக் தாளும் கொண்டு செய்த பாட்ஸோ என்ற கிளைடர் அங்கே பறந்தது. ஜாக் லாம்பி 19-ஆம் நூற்றாண்டு இரட்டை இறக்கைக் கிளைடரை ஒத்த ஒன்றைக் கொண்டுவந்தார். பறத்தல்கள் சில விநாடிகளுக்கு மேல் நீடிக்கவில்லை. ஆனால் வரைபடங்கள் தபாலில் ஊர் ஊராகப் போயின. அந்த ஆண்டிலேயே டேவ் கில்போர்ன் மிஷன் பீக் மலையில் காலால் எழும்பி ஒரு மணி நேரத்துக்கு மேல் காற்றில் நின்றார். அவர் கிளைடரில் இருந்தது டிக்கென்சன் வழிவந்த முக்கோணம்.

பிரெஸ்லாவின் முக்கோணத்தைப் பற்றி: அது இருந்திருக்கலாம், அழிந்தும் போயிற்று. டிக்கென்சனின் முக்கோணம் அதிலிருந்து வரவில்லை.

பழஞ்சுவடி எழுதியது:

லிலியென்தால் ஏன் இறந்தார் என்பதில் உங்கள் இருவரின் வாதத்துக்கும் விடை இருக்கிறது. அவர் ஊசலாகத் தொங்கவில்லை. முழங்கைகளாலும் தோள்களாலும் சட்டத்தைப் பற்றியிருந்தார். கால்களையும் இடுப்பையும் மட்டுமே வீச முடிந்ததால், எடையை நகர்த்தக்கூடிய தொலைவு மிகச் சிறியது. 1896 ஆகஸ்ட் 9 அன்று ரினோ குன்றுகளில் கிளைடர் காற்றில் வேகமிழந்து நின்றபோது மூக்கைத் தாழ்த்தி மீட்க அவரால் இயலவில்லை. விழுந்து முதுகெலும்பு முறிந்து மறுநாள் இறந்தார். அந்த மரணச் செய்தியே ரைட் சகோதரர்களின் ஆர்வத்தைத் தூண்டியது. உடலை அசைத்து ஓட்டும் முறை போதாது என்று கருதி அவர்கள் இறக்கையை முறுக்கும் வழிக்குப் போனார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட முறை அறுபது ஆண்டுகள் கழித்து மீண்டதற்கு, உடல் முழுவதும் நகர இடம் கொடுத்த ஊசல் தேவைப்பட்டது. இந்த ஒரு புள்ளியில் மலைக்காற்றின் பக்கம் சாய்கிறேன். ஆனால் முதல் வரி லிலியென்தாலுக்கே உரியது.

அளவுகோல் எழுதியது:

அப்படியானால் என் முன்மொழிவு இது. "ஹேங் கிளைடர்: லிலியென்தால், 1891. நெகிழ் இறக்கை: கெர்ட்ரூட், பிரான்சிஸ் ரொகாலோ, 1948. ஊசலும் முக்கோணச் சட்டமும் கொண்ட இன்றைய வடிவம்: டிக்கென்சன், 1963." 'நாசா' என்ற சொல்லை நீக்குவதில் எனக்குத் தடையில்லை, ஏனெனில் 1948-இல் அந்த நிறுவனமே பிறக்கவில்லை. ரொகாலோவின் பெயரை மட்டும் நீக்க விடமாட்டேன். பணி ஓய்வுக்குப் பின் அவரே வட கரோலினாவின் மணல்மேடுகளில் ஹேங் கிளைடரில் பறந்திருக்கிறார்.

மலைக்காற்று எழுதியது:

மூன்று வரிகளுக்கும் உடன்படுகிறேன், ஒரு நிபந்தனையோடு. "இன்றைய வடிவம்" என்பது டிக்கென்சன் ஏதோ பழைய பொருளை ஒப்பனை செய்தவர் போலத் தோற்றம் தருகிறது. "இன்று பறக்கும் ஹேங் கிளைடர்" என்று எழுதுங்கள். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அளவுகோல் எழுதியது:

அப்படி எழுதினால் முதல் இரண்டு வரிகளும் வெறும் முன்னுரையாகிவிடும். என் மறுப்பு தொடர்கிறது. நெறியாளர் முடிவு செய்யட்டும்.