ஃபிசிக்ஸா, ஃபர்தர் மேத்ஸா? ரெடிங் போற பையனுக்கு

பெங்களூருல பத்தாவது முடிச்ச பையன் செப்டம்பர்ல இங்கிலாந்துல ரெடிங்ல இயர் 12 (நம்ம பதினொண்ணாவது மாதிரி) சேரப் போறான், இன்ஜினியரிங்தான் ஆசை, ஏ லெவலுக்கு, அதாவது அங்க யூனிவர்சிட்டிக்கு முந்தின ரெண்டு வருஷப் படிப்புக்கு, மேத்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டும் முடிவாயிடுச்சு, மூணாவது ஃபிசிக்ஸா, இல்ல மேத்ஸுக்கு மேல தனிப்பாடமா வர்ற ஃபர்தர் மேத்ஸான்னு கேட்டிருந்தீங்க. இங்கன்னா இந்தக் குழப்பமே வராது, பியுசில (கர்நாடகாவோட பதினொண்ணு, பன்னெண்டாவது) பிசிஎம்சின்னு, அதாவது ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ்னு, ஒரு டிக் அடிச்சா எல்லாம் சேந்தே வந்துடும். அங்க பெரும்பாலும் மூணே பாடம்தான்.

நாங்க அங்க இருந்தப்ப இதுலதான் மாட்டினோம், இப்ப அல்சூர்ல உக்காந்து ஈஸியா சொல்றேன். பொண்ணுக்கு மெக்கானிக்கல் ஆசை, ஸ்கூல்ல ஒரு டீச்சர் "மேத்ஸ் இவ்ளோ நல்லா போடுற, ஃபர்தர் மேத்ஸ் எடு, ஃபிசிக்ஸ் இல்லேன்னா பரவால்ல"ன்னு சொல்ல நானும் தலையாட்டிட்டேன். அக்டோபர்ல யூனிவர்சிட்டிகளோட கோர்ஸ் பேஜை ஒழுங்கா படிச்சா அவ பாத்து வச்ச இடத்துலெல்லாம் மேத்ஸும் ஃபிசிக்ஸும் கட்டாயம்னு போட்டிருக்கு! கேம்பிரிட்ஜ் இன்ஜினியரிங்குக்கும் ரெண்டும் வேணும், அதுக்கு எழுதுற ஈசாட் டெஸ்ட்லயும் ரெண்டு மேத்ஸ் பேப்பரோட ஒரு ஃபிசிக்ஸ் பேப்பர் உண்டு, ஒவ்வொண்ணும் 40 நிமிஷம், 27 கேள்வி, கால்குலேட்டர் கிடையாது.

கெஞ்சிக் கூத்தாடி மாத்தினோம், ஆனா ஒன்றரை மாச லேப் போச்சு. ஃபிசிக்ஸ் லேப்புக்குப் போன முதல் நாளே கம்பியோட ரெசிஸ்டிவிட்டி அளக்கற எக்ஸ்பெரிமென்ட். நம்ம ஸ்க்ரூ கேஜைத்தான் அங்க மைக்ரோமீட்டர்ங்கறாங்க, இவ நுனியில இருக்கற, அளவா இறுகினதும் நழுவுற ராச்செட் திருகை விட்டுட்டு, திம்பிளையே (சுத்துற பெரிய உருளையை) புடிச்சு இறுக்கி 0.38 மில்லிமீட்டர் கம்பிய 0.36ன்னு எழுதிட்டா, விட்டம் ஸ்கொயர் ஆகுதில்ல, அஞ்சு பர்சன்ட் தப்பு பத்தா போய் விடையில உக்காந்துச்சு. புக்க படிச்சு இதெல்லாம் கைக்கு வராதுங்க.

அதனால ஃபிசிக்ஸ் கண்டிப்பா. ஆனா அதுக்காக ஃபர்தர் மேத்ஸை விடச் சொல்லல, உங்க லிஸ்ட்ல இருந்து போக வேண்டியது என்னைக் கேட்டா கம்ப்யூட்டர் சயின்ஸ்தான். அடிக்க வராதீங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரிக்கே நிறைய இடத்துல மேத்ஸ்தான் கேக்கறாங்க, அந்த ஏ லெவல் பாடத்தை கட்டாயமா கேக்கறதில்ல, கோடிங் வீட்லயே கத்துக்கலாம். ஃபர்தர் மேத்ஸ்ல காம்ப்ளெக்ஸ் நம்பர், மேட்ரிக்ஸ், செகண்ட் ஆர்டர் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்லாம் வரும், ஸ்ப்ரிங் ஆடி ஆடி அடங்குறதுக்கான கணக்கே அதுதான், ஏ லெவல் ஃபிசிக்ஸ்லயோ கால்குலஸே கேக்க மாட்டாங்க. அப்படி மேத்ஸ், ஃபிசிக்ஸ், ஃபர்தர் மேத்ஸ் மூணும் எடுத்தா முதல் வருஷ இன்ஜினியரிங்ல மூச்சு முட்டாது. பையனுக்கு மேத்ஸ் சுமார்தான்னா நீங்க போட்ட லிஸ்டே போதும், ஃபிசிக்ஸோட. நாலு எடுக்க விடுவாங்களா, ஃபர்தர் மேத்ஸை ஒரு வருஷ ஏஎஸ்ஸா (முழு ஏ லெவலை விடச் சின்னப் படிப்பு) எடுக்கலாமான்னு ஸ்கூலுக்கு இப்பவே மெயில் போட்டுக் கேளுங்க, ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறும்.

சாஃப்ட்வேர் மட்டும்தான்னு பையன் உறுதியா இருந்தா கதை வேற, அப்ப ஃபிசிக்ஸ் இல்லாட்டியும் பெருசா நஷ்டமில்ல. ஆனா 16 வயசுல எவன் உறுதியா இருக்கான்?

அப்புறம் ஆகஸ்ட் கடைசில ஜிசிஎஸ்இ (நம்ம பத்தாவது மாதிரி அங்கத்த பரீட்சை) ரிசல்ட் வந்ததும் சீட்டெல்லாம் மடமடன்னு போயிடும், அதுக்கு முன்னாடி ஸ்கூல்ல பேசி வச்சிடுங்க, பத்தாவது ஒரிஜினல் மார்க் ஷீட்டை செக் இன் பெட்டில போடாம கைப்பைல வைங்க.