காசிமேடு, ராயபுரம் மனநல்வாழ்வு சர்வே: 15 வயது முதல் 75 வரை ஒரே கேள்வித்தாள் சரியா?

களப்பணி_வடசென்னை:
வணக்கம். பொது சுகாதார முதுகலை ஆய்வுக்காக ராயபுரம், தண்டையார்பேட்டை மண்டலங்களில் சர்வே எடுக்கப் போகிறேன். வயது ஏற ஏற மனநல்வாழ்வு எப்படி மாறுகிறது என்பதுதான் கேள்வி. கருவி டபிள்யூ.எச்.ஓ-5, அதாவது உலக சுகாதார அமைப்பின் ஐந்து கேள்வி மனநல்வாழ்வுத் தாள். 20 தெரு, தெருவுக்கு 20 வீடு, வீட்டுக்கு ஒருவர் என 400 பேர். மே மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன், அப்போது மீனவர்கள் வீட்டில் இருப்பார்கள். நடுவயதில் இறங்கி முதுமையில் மறுபடி ஏறும் அந்த 'யூ' வளைவு இங்கேயும் இருக்கிறதா என்று இதை வைத்துச் சொல்லலாமா?

தலைமுறைக்கணக்கு:
சொல்ல முடியாது. ஒரே சமயத்தில் எல்லா வயதினரையும் கேட்டால் வயதும் பிறந்த ஆண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வரும். இன்று அறுபதைத் தாண்டிய காசிமேட்டுக்காரருக்கு 2004 சுனாமியின்போது நாற்பது வயது இருக்கும். படகும் வலையும் போன கடனை அடைத்தவர் அவர். இன்றைய கல்லூரிப் பையனுக்கு அந்த அனுபவமே கிடையாது. இருவர் மதிப்பெண்ணும் வேறுபட்டால், அது வயதால் வந்ததா, வாழ்ந்த காலத்தால் வந்ததா என்று உங்கள் தரவு பிரித்துக் காட்டாது. 2008-ல் பொருளியலாளர்கள் பிளாஞ்ச்பிளவரும் ஆஸ்வால்டும் பல நாட்டுத் தரவை வைத்து இந்த 'யூ' வளைவைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகும் இந்த வாதம் முடிந்தபாடில்லை.

இன்னொன்று, உங்கள் பட்டியலில் இல்லாதவர்கள். உடம்பு முடியாமல் சீக்கிரம் இறந்தவர்களும், பெரும்பாக்கம் மாதிரி இடங்களுக்குக் குடிபெயர்ந்தவர்களும் இங்கே கணக்கில் வரமாட்டார்கள். எழுபதிலும் அதே தெருவில் இருப்பவர் பெரும்பாலும் திடமானவர். முதுமையில் தெரியும் ஏற்றத்தில் ஒரு பங்கு இதனாலேயே வரலாம்.

மே மாதத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். டபிள்யூ.எச்.ஓ-5 கேட்பதோ கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி மட்டும். விசைப்படகை நம்பிய வீட்டில் அந்தச் சமயத்தில் வருமானம் நின்றிருக்கும். நீங்கள் அளக்கப்போவது தடைக்காலத்தை, வயதை அல்ல. ஜனவரி-பிப்ரவரியில் ஒரு சுற்று, ஜூலை-ஆகஸ்டில் ஒரு சுற்று எடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் எல்லாப் பகுதித் தெருக்களும் கலந்து வரவேண்டும். காசிமேட்டை ஒரு சுற்றிலும் வண்ணாரப்பேட்டையை அடுத்ததிலும் முடித்தால், இட வித்தியாசமும் பருவ வித்தியாசமும் பிரிக்க முடியாமல் கலந்துவிடும்.

மாதிரி_அளவு:
மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். எண்ணிக்கையைப் பார்ப்போம். மதிப்பெண் குறைந்தவர்களின் பங்கு 50 சதவீதம் என்று வைத்து, 5 சதவீதப் பிழைக்கு 384 பேர். இது எளிய சீரற்ற மாதிரிக்கு. ஒரே தெருக்காரர்கள் ஒருவரைப்போல் ஒருவர் இருப்பார்கள் என்பதால் இதைப் பெருக்க வேண்டும்: 1 + (தெருவுக்கு எடுக்கும் ஆள் − 1) × தெருவுக்குள் ஒப்புமை. ஒப்புமையை 0.05 என்று கொண்டால், தெருவுக்கு 20 பேர் எடுக்கும்போது 1.95 மடங்கு. 10 சதவீதம் பேர் மறுப்பார்கள் என்று சேர்த்தால் 832 பேர் தேவை. தெருவுக்கு 8 பேர் என்றால் 1.35 மடங்குதான், 576 போதும். அதாவது 72 தெரு × 8 வீடு. அலைச்சல் கூடும், ஆனால் மொத்த நேர்காணல் குறையும்.

அந்த 576-ஐ நான்கு வயதுக் குழுவாக, குழுவுக்கு 144 என்று பிரித்தால் ஒவ்வொன்றிலும் பிழை சுமார் 10 சதவீதம். அதைவிடச் சிறிய வித்தியாசத்தை வயதுக்கணக்கில் எழுதாதீர்கள். குழுக்களைச் சமமாக எடுத்தால் மொத்த சராசரிக்கு, மக்கள்தொகையில் ஒவ்வொரு குழுவின் பங்குக்கு ஏற்ப எடை போட வேண்டும். வீட்டில் தகுதியானவர் நான்கு பேர் இருந்து ஒருவரைக் குலுக்கலில் எடுத்தால், அவருக்கு எடை 4. காலை பதினொரு மணிக்குக் கதவைத் திறப்பவரையே கேட்டுவிட்டு வந்தால் பாதிக் கடலோரம் விட்டுப்போகும். குலுக்கலில் வந்தவர் இல்லையென்றால் மாலையிலும் ஞாயிறிலுமாக மூன்று முறை போய்ப் பார்த்த பிறகே விடவேண்டும்.

சமுதாயநல_செவிலி:
கருவியில் தப்பில்லை. ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5, கூட்டி நான்கால் பெருக்கினால் 100-க்கு மதிப்பெண். ஆனால் மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். நான்காவது கேள்வி, காலையில் எழும்போது புத்துணர்ச்சியாக இருந்ததா என்பது. விடியும் முன்பே மீன் ஏலத்துக்குப் போகும் அம்மாவுக்கு மற்ற நான்கும் நன்றாக இருந்து இது மட்டும் விழும். அது தூக்கக் குறைவு. மூட்டுவலிக்காரப் பெரியவருக்கு மூன்றாவது, சுறுசுறுப்புக் கேள்வி அப்படி. வயதுக் குழுவாரியாக ஒவ்வொரு கேள்வியின் சராசரியையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்த பிறகே கூட்டுங்கள்.

ஒற்றை அறை வீட்டில் மாமியார் பக்கத்தில் இருக்கும்போது மருமகள் வாய்விட்டுப் பதில் சொல்லமாட்டாள். ஆறு பதிலையும் பெரிய எழுத்தில் அட்டையில் அச்சடித்து, விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு ஆறு டம்ளர் படம் போதும், காலியிலிருந்து நிறைய வரை.

களப்பணி_வடசென்னை:
மிக்க நன்றி. ஒருவர் வாழ்க்கையில் பின்னோக்கிப் போய்க் கேட்டால் அந்தக் காலப் பிரச்சினை கொஞ்சமாவது தீருமா?

தலைமுறைக்கணக்கு:
அப்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள் என்று கேட்காதீர்கள், இன்றைய மனநிலைதான் பதிலாக வரும். நிகழ்வுகளைக் கேளுங்கள். ஒரு தாளில் மேலே ஆண்டுகள், கீழே வீடு, வேலை, கல்யாணம்-பிள்ளைகள், நோய் என்று நான்கு வரிசை. முதலில் 2004 சுனாமி, 2015 வெள்ளம், 2020 ஊரடங்கு, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் எண்ணூர் எண்ணெய்க் கசிவும் என்று நான்கு கோடு போட்டுவிடுங்கள். "வீடு மாறினது சுனாமிக்கு முன்னயா, பின்னயா?" என்று கேட்டால் ஆண்டு தானாக நெருங்கி வரும்.

சமுதாயநல_செவிலி:
15 முதல் 17 வயதினருக்குப் பெற்றோர் சம்மதத்தோடு அவர்களுடைய எழுத்துபூர்வ இசைவும் வேண்டும். மதிப்பெண் 50 அல்லது அதற்குக் கீழ் வந்தால் அது மனச்சோர்வுக்கான நோய்க் கண்டறிதல் ஆகாது, அடுத்த பரிசோதனைக்கான அறிகுறி மட்டுமே. அந்த அடுத்த பரிசோதனையில் மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 தாளைக் கேட்பதாக இருந்தால், ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. பூஜ்யத்துக்கு மேல் எந்தப் பதில் வந்தாலும் படிவத்தை மூடிவைத்துவிட்டு அவரோடு தனியாகப் பேசுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-ஐ அங்கேயே அழைத்துக் கொடுங்கள், அன்றே மேற்பார்வையாளருக்குத் தெரிவியுங்கள். யாரிடம் அனுப்புவது, கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்கு யார் கூடப் போவது என்பதை நெறிமுறைக் குழு விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.