சுருள் கரத்தைத் தாண்டியும் கலையாத வாயு மேகங்கள்: மாதிரியில் விடுபட்டது எது?

கேள்வி:
ஒரு சுருள் விண்மீன் மண்டலத்தின், நிலையான கோண வேகத்தில் சுழலும் இருகரச் சுருள் ஈர்ப்புப் புலத்தில் விண்மீனிடை வாயு எவ்வாறு பாய்கிறது என்பதைத் துகள்முறைக் கணிப்பில் (வாயுவைப் பல துகள்களாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) ஆராய்ந்து வருகிறேன். வாயுவின் வெப்பநிலையை 100 கெல்வினிலேயே நிறுத்தி, வாயுவின் தன்னீர்ப்பையும் (வாயு தன்னைத்தானே ஈர்ப்பது) சேர்த்திருக்கிறேன். கரத்தின் அதிர்ச்சி முகப்பில் (வேகமாக வரும் வாயு திடீரென அமுங்கும் இடம்) மேகங்கள் முறையாகவே திரள்கின்றன. ஆனால் கரத்தை விட்டு வெளியேறிய பின்னும் அவை கலைவதில்லை. சுற்றுக்குச் சுற்று பருத்து, 1 கோடி சூரிய நிறையைத் தாண்டிவிடுகின்றன. மேகங்களை மோதி ஒட்டிக்கொள்ளும் துகள்களாகவே வைத்துக் கணிப்பது மேலா?

பதில் 1:
வேண்டாம். அந்த முறையில் மேகம் முன்கூட்டியே இருப்பதாகக் கொள்கிறோம். அது எப்படிப் பிறந்து எப்படி அழிகிறது என்ற உங்கள் கேள்வியே அங்கு மறைந்துவிடும். கன சென்டிமீட்டருக்கு 100 ஹைட்ரஜன் அணுக்கள் உள்ள வாயு, தடை ஏதுமின்றித் தன் ஈர்ப்பால் சரிய ஏறத்தாழ 44 இலட்சம் ஆண்டுகளே போதும். ஒரு கரத்திலிருந்து அடுத்த கரத்தை அடைய அதற்கு 10 கோடி ஆண்டுகள் என்ற அளவில் ஆகும்போது, இடையில் அந்த ஈர்ப்பை மீறி அதைச் சிதைக்கும் விசை எதுவும் உங்கள் மாதிரியில் இல்லை. இயற்கையில் பெருநிறை விண்மீன்களின் புறஊதா ஒளி வாயுவை அயனியாக்கிச் சுமார் 10,000 கெல்வினுக்குச் சூடேற்றுகிறது. சூப்பர்நோவா ஒவ்வொன்றும் 10^44 ஜூல் அளவு ஆற்றலைக் கொட்டுகிறது. அந்த ஆற்றலை அடர்ந்த வாயுவில் வெறும் வெப்பமாகச் சேர்த்தால், அது வாயுவைத் தள்ளுவதற்கு முன்பே கதிர்வீச்சாகக் கரைந்துவிடும். பிரிதிறன் (நுண்ணிய விவரங்களைப் பிரித்துக் காட்டும் திறன்) குறைவான கணிப்பில் உந்தமாகச் சேர்ப்பதே சரி.

பதில் 2:
அதற்கு முன் பிரிதிறனைச் சரிபாருங்கள். துகள்முறையில் ஜீன்ஸ் நிறை (வாயு தன் ஈர்ப்பால் சரியத் தேவையான குறைந்தபட்ச நிறை), ஒரு துகளின் அண்டைத் துகள்களுடைய மொத்த நிறையைப் போல் குறைந்தது இரு மடங்காவது இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் பேட்டும் பர்கர்ட்டும் 1997-இல் காட்டினர். வெப்பநிலை மாறாதபோது அடர்த்தி ஏற ஏற ஜீன்ஸ் நிறை சுருங்கும். அந்த வரம்பு மீறப்பட்டால் நீங்கள் காணும் திரட்சிகளை நம்ப முடியாது. வாயு முழுவதையும் 100 கெல்வினில் வைப்பதும் பிழையே. 8,000 கெல்வின் அளவிலுள்ள வெதுவாயுவும் குளிர்வாயுவும் ஏறத்தாழ ஒரே அழுத்தத்தில் அருகருகே இருப்பவை. தூசுத் துகள்களின் ஒளிமின் வெப்பமூட்டலையும் அயனிக் கார்பனின் 158 மைக்ரான் வரிவழிக் குளிர்தலையும் சேர்த்தால்தான் இவ்விரு நிலைகளும் தாமாகப் பிரியும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இவற்றில் எதை முதலில் சேர்ப்பது?

பதில் 1:
முதலில் எதையும் சேர்க்காமல், தன்னீர்ப்பை மட்டும் நிறுத்திவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கரத்தை விட்டு வெளியேறும் திரட்சிகளைச் சறுக்குப்பாய்வு (அடுத்தடுத்த பகுதிகள் வெவ்வேறு வேகத்தில் நகர்வது) இழுத்து நீட்டி, எம்51 என்ற சுருள் விண்மீன் மண்டலத்தில் தெரிவதைப் போன்ற கிளை இழைகளாக மாற்றினால், உங்கள் பாய்வுக் கணிப்பு நன்றாகவே இயங்குகிறது; ஈர்ப்புக்கு ஈடுகொடுக்கும் ஆற்றல் இல்லாததே குறை என உறுதியாகும். அப்போதும் கலையாவிட்டால், பதில் 2-இல் உள்ளபடி வெப்பச் சமநிலையிலிருந்து தொடங்குங்கள்.