எந்தக் கோழியை விதைக்கு (இனவிருத்திக்கு) நிறுத்துவது, எதைக் கழிப்பது? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

வேடசந்தூர் பக்கம், சிறுவிடை:

எட்டு வருடமாகச் சிறுவிடை (உடம்பு சின்னதான நாட்டுக்கோழி) வளர்க்கிறேன். முதல் நான்கு வருடம் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு உதவும்.

எனக்குக் கருப்பு நிறத்தின் மேல் அப்படி ஒரு பைத்தியம். நகம்வரை கருப்பாக ஒரு சேவல் கிடைத்தது. வெயிலில் நின்றால் இறகில் பச்சை ஓடும். அதையே விதைக்கு நிறுத்தினேன். அடுத்து அதன் மகன், அதற்கடுத்து அந்த மகனின் மகன். குஞ்சுகளில் கருப்பை மட்டும் வைத்துக்கொண்டு செவலை, கீரி, புள்ளி எல்லாவற்றையும் அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தைக்குக் கொண்டுபோனேன். கூட்டம் பார்க்க ஒரே நிறமாக, கண்ணுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் முன்பெல்லாம் 13 முட்டை அடை வைத்தால் 11 குஞ்சு வரும். நான்காவது வருடம் 6, 7 தான். மீதி கூமுட்டை, இல்லையென்றால் ஓட்டுக்குள்ளேயே செத்த குஞ்சு. பொரித்ததிலும் பாதி, செட்டை தொங்கிப்போய் ஒரு மாதம் தாண்டவில்லை.

தீவனத்தை மாற்றினேன், தண்ணீரில் டானிக் கலந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்பனோடு மகளைச் சேர்த்தாலும், கூடப்பிறந்ததுகளைச் சேர்த்தாலும் ஒரே தலைமுறையில் ரத்த நெருக்கம் 25 சதவீதம் என்பது கணக்கு. நான் மூன்று தலைமுறை அதையே செய்திருந்தேன்.

கண்ணைத் திறந்தது அம்மாதான். “கருப்பு கருப்புன்னு நிக்கிறியே, குஞ்ச யாரு காப்பாத்துறான்னு பாத்தியா?” என்று கேட்டு, நான் அடுத்த வாரம் சந்தைக்கு ஒதுக்கி வைத்திருந்த புள்ளிக்கோழியைக் காட்டினார். வால் பாதி உதிர்ந்து, பார்க்க ஒரு லட்சணமும் இல்லாத கோழி. அன்று மதியம் வேலியோரம் குஞ்சுகளோடு கிளறிக்கொண்டிருந்தது. திடீரென்று தொண்டையிலிருந்து ஒரு நீளமான சத்தம். குஞ்சுகள் அத்தனையும் நின்ற இடத்திலிருந்தே கிலுவை முள்வேலிக்குள் மறைந்துவிட்டன. அதற்கப்புறம்தான் எனக்கே மேலே வைரி (குஞ்சைத் தூக்கும் வேட்டைப் பறவை) வட்டம் போடுவது தெரிந்தது. கோழி உள்ளே ஓடவில்லை. கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு வெட்டவெளியில் நின்றது. அந்த அடையில் பொரித்த 11 குஞ்சில் 9 குஞ்சை இரண்டு மாதம் கொண்டுவந்து விட்டது. அதே நேரத்தில் என் கருப்புப் பெட்டை ஒன்று 7 குஞ்சில் 2 தான் மிச்சம் வைத்திருந்தது.

அன்றைக்கே ஒரு நோட்டுப் போட்டேன். எந்தக் கோழி எத்தனை முட்டை வைத்தது, எத்தனை பொரித்தது, இரண்டு மாதத்தில் எத்தனை உயிரோடு இருக்கிறது. இந்த மூன்று எண் போதும். ஒவ்வொரு தாயின் குஞ்சுக்கும் ஒரு நிறத்தில் கேபிள் டை காலில் போடுகிறேன் (வளர வளர மாற்றிவிட வேண்டும், மறந்தால் சதைக்குள் இறங்கிவிடும்). சிறுவிடையை நாம் வைத்திருப்பதே அது தானாக அடைகாத்துத் தானாக வளர்த்துக் கொடுக்கும் என்பதற்காகத்தான். முட்டை எண்ணிக்கைதான் வேண்டுமென்றால் வனராஜா, கிராமப்பிரியா போன்ற கலப்பினக் கோழிகள் இருக்கின்றன; அவை அடை உட்காருவதே அபூர்வம். ஆகவே என்னிடம் முதல் தேர்வு தாய்க்கு, அப்புறம்தான் சேவலுக்கு. நன்றாக வளர்த்த தாயின் மகன்தான் விதைக்கு நிற்கலாம்.

அதற்கு மேல் கைதான் சொல்ல வேண்டும். பன்னிரண்டாவது வாரம் ராத்திரி, அடைந்த பிறகு, ஒவ்வொன்றாகத் தூக்கி எடை போடுவேன். நெஞ்செலும்பை மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்தால் நேராக இருக்கிறதா, நெளிந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒரு தாயின் பிள்ளைகளுக்கு மட்டும் நெளிவு இருந்தால் அது ரத்தத்தில் வருவது, கழித்துவிடுவேன். கூட்டத்தில் பாதிக்கு இருந்தால் ரத்தத்தைக் குறை சொல்வதற்கு முன் அடையும் கம்பைப் பார்க்க வேண்டும். மெல்லிய கம்பில் சின்ன வயதிலேயே அடைய விட்டாலும் எலும்பு வளையும்.

கருப்புச் சேவலைக் கறிக்குக் கொடுத்த அன்று சோறு இறங்கவில்லை. இப்போது வெளி ரத்தத்தில் இரண்டு சேவல் கொண்டுவந்து, கோழிகளை மூன்று குடும்பமாகப் பிரித்திருக்கிறேன். பெட்டைகள் பிறந்த குடும்பத்திலேயே இருக்கும். சேவல் மட்டும் ஒன்றிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து மூன்றுக்கு, மூன்றிலிருந்து ஒன்றுக்கு. பொரிப்பு மறுபடி 10, 11க்கு வந்துவிட்டது. நீங்கள் எதை வைத்துக் கழிக்கிறீர்கள்?

திருச்சுழி பக்கம், வீட்டுக்கோழி 20:

அண்ணா, நான் தப்பாகக் கழித்த கதை என்னுடையது. பெட்டையின் பின்பக்கம் இரண்டு எலும்பு முனை கைக்குத் தட்டுப்படும். நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைந்தால் முட்டையிடுகிற கோழி, ஒரு விரல்கூட நுழையாவிட்டால் இடாத கோழி என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒரே நாளில் ஆறு கோழியைப் பார்த்து, நுழையாத நான்கையும் விற்றுவிட்டேன். நான்கில் இரண்டு அப்போதுதான் குஞ்சு பிரிந்தவை, ஒன்று இறகு உதிர்த்துக்கொண்டிருந்தது. அடையில் இருக்கும்போதும் இறகு உதிர்க்கும்போதும் முட்டை நின்று, அந்த எலும்பு நெருங்கிவிடும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். விற்றதில் ஒன்று வருடத்துக்கு நான்கு அடை உட்கார்ந்த கோழி. வாங்கின அக்காவிடம் திரும்பக் கேட்டேன், தரவில்லை. தரமாட்டார்கள்தானே! இப்போது மாதம் ஒரு தடவை வீதம் மூன்று தடவை பார்க்காமல் எதையும் கழிப்பதில்லை.

பரமத்தி வேலூர் பக்கம், பெருவிடை:

நான் வளர்ப்பது பெருவிடை, உடம்பு பெரிய நாட்டுக்கோழி. எங்கள் பக்கம் பிரச்சினை பூவில்தான், அதாவது தலைக் கொண்டையில். தலையோடு ஒட்டின சின்னப் பூ உள்ள சேவலும் பெட்டையும் சேர்த்தேன். குஞ்சு இரண்டுக்குக் கத்திப்பூ நிமிர்ந்து நின்றது. பக்கத்து வீட்டுச் சேவல் ஏறிவிட்டது என்றே நினைத்தேன். கால்நடை மருத்துவர்தான் விளக்கினார். ஒட்டுப்பூ ஓங்கி நிற்கும் குணம், கத்திப்பூ ஒளிந்து வரும் குணம். இரண்டு பேரிடமும் ஒளிந்திருந்தால் நான்கில் ஒன்றுக்கு வெளியே வரும்.

எந்தச் சேவலிடம் ஒளிந்திருக்கிறது என்று பார்க்க, அதைக் கத்திப்பூ பெட்டையோடு தனியாக விட்டேன். ஒளிந்திருந்தால் பாதிக் குஞ்சு கத்திப்பூவாக வரும். 10 குஞ்சும் ஒட்டுப்பூவாகவே வந்தால் சேவல் சுத்தம் என்று நம்பலாம். ஒளிந்திருந்தும் அப்படி வருவதற்கு 1,024ல் ஒரு வாய்ப்புதான். என்னுடையதில் மூன்றாவது குஞ்சிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் உடனே கழிக்கவில்லை. கால், நெஞ்சு, எடை எல்லாம் அருமையான சேவல். பூவுக்காக அதைக் கழித்தால் உங்கள் கருப்பு கதைதான் எனக்கும். நல்ல உடம்புள்ள மகன் வரும்வரை வைத்திருப்பேன்.

கொடுமுடி பக்கம்:

ஒரு விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஒருவரிடம் விதைச்சேவல் என்று நல்ல விலை கொடுத்து வாங்கினேன். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் குஞ்சுகளுக்கு விரல் கோணல், ஒன்றிரண்டுக்கு அலகு குறுக்கு. விசாரித்தபோது, அது அவர் பண்ணையில் கழித்த சேவல். அவருக்கு ஆகாதது எனக்கு மட்டும் எப்படி ஆகும்? என் ஒரு வருட உழைப்பு போனது. தயவுசெய்து கழித்ததைக் கறிக்கு மட்டும் கொடுங்கள். வளர்க்கக் கேட்டால் என்ன குறை என்று சொல்லிக் கொடுங்கள்.

வேடசந்தூர் பக்கம், சிறுவிடை:

கொடுமுடி நண்பர் சொன்னது என்னையும் சுட்டது. நான் சந்தையில் விற்ற கோழிகளில் எத்தனை யார் வீட்டில் விதைக்கு நின்றதோ, தெரியாது. இப்போது கழித்ததைத் தெரிந்த கறிக்கடைக்கு மட்டும்தான் போடுகிறேன்.

திருச்சுழி தங்கச்சி, மூன்று தடவை பார்ப்பது நல்ல வழி, நானும் எடுத்துக்கொள்கிறேன். சேவல் மாற்றுகிறவர்களுக்கு இன்னொன்று: பழைய சேவலின் விந்து பெட்டைக்குள் இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும். மாற்றி மூன்று வாரம் வரும் முட்டையைச் சாப்பிட்டுவிடுங்கள், அப்புறம் அடைக்கு எடுங்கள். முதல் தடவை இது தெரியாமல் நோட்டில் அப்பன் பெயரையே தப்பாக எழுதிவைத்தேன்.

புள்ளிக்கோழி போன மாசியில் செத்துவிட்டது. அதன் பேத்தி, செவலையில் வெள்ளைப் பொட்டு, நேற்று முதல் அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. முதல் அடை என்பதால் 9 முட்டைதான் வைத்திருக்கிறேன். பொரித்ததும் எண்ணிக்கை சொல்கிறேன்.