மூன்றாம் மணி நேரத்தில் பிபி சரிகிறது: அரை மணி கூட்டித் தர வழி வேண்டும்

எங்கள் நோயாளி ஒருவருக்கு வாரம் 3 முறை, 4 மணி நேர ஹீமோடயாலிசிஸ் (இயந்திரம் வழியே ரத்தச் சுத்திகரிப்பு). உலர் எடை (மிகுதி நீர் நீங்கியபின் இருக்க வேண்டிய எடை) 58 கிலோ, இடைப்பட்ட நாட்களில் ஏறுவது 3.4 கிலோ. அதாவது மணிக்கு கிலோவுக்கு 14.7 மில்லி நீர் இழுக்கிறோம். 13-ஐத் தாண்டக் கூடாது என்பதுதான் நாங்கள் வைத்திருக்கும் வரம்பு. ஆறு வாரமாக இதே கதை: 2 மணி 40 நிமிடம் வாக்கில் அடுக்கடுக்காகக் கொட்டாவி, பிறகு பிபி 84/50, இடது கெண்டைக்கால் கல்லாக இறுகி, பாதம் உள்பக்கம் வளைந்துகொள்கிறது.

டயாலிசேட் (இயந்திரத்தில் ஓடும் சுத்திகரிப்புத் திரவம்) சூட்டை 36.5-லிருந்து 35.5 டிகிரிக்கு இறக்கினோம். அதன் சோடியத்தை 140-லிருந்து 138 ஆக்கியதும் தாகம் குறைந்தது, ஏற்றம் 3.8-லிருந்து 3.4-க்கு வந்ததே அதனால்தான். பிபி மாத்திரையை, மருத்துவர் சொல்லி, டயாலிசிஸ் முடிந்தபின் என்று மாற்றியாயிற்று. நடுவில் சாப்பாடு இல்லை. முதலில் அதிகம், கடைசியில் குறைவு என்று யூஎஃப் புரொஃபைலும் (நீர் இழுக்கும் வேகத்தை நேரத்துக்கேற்ப மாற்றும் முறை) போட்டோம். உலர் எடையை அரை கிலோ கூட்டியபோது இரவில் படுத்தால் மூச்சுத் திணறல், அதனால் பழைய எடைக்கே திரும்பிவிட்டோம்.

அவரிடம் உட்கார்ந்து கேட்டதில் ஒன்றே சொன்னார்: "வீட்டுக்குப் போனதும் படுக்கையில் விழாமல் இருந்தால் போதும்." வாரத்தில் நான்காவது நாள் வர வேலை இடம் தராது, நாலரை மணி நேரம் உட்காரச் சம்மதம். கணக்குப்படி 13-க்கு வந்துவிடும். ஆனால் எங்களிடம் தினம் 3 ஷிப்ட், நடுவே இயந்திரக் கிருமிநீக்கம், ஒரு நாற்காலியும் மிச்சமில்லை.

அடுத்த ஷிப்ட்காரரைக் காக்க வைக்காமல், ஒருவருக்கு மட்டும் அரை மணி கூட்ட உங்கள் யூனிட்டில் அட்டவணையை எப்படி அமைத்தீர்கள்?