பொடுதலை பூக்கவே மாட்டேங்குது, யாராவது வழி சொல்லுங்களேன்

வணக்கம். சிங்கப்பூர் ஈசூன்ல எங்க வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் காரிடார்ல, நீளத் தொட்டியில பொடுதலை மூலிகைக் கொடி வச்சு நாலு மாசமாச்சு. தெரிஞ்ச அக்கா ஒருத்தர் நாலு துண்டு கொடி கிள்ளிக் கொடுத்தாங்க. கணுவுக்குக் கணு வேர் விட்டு இப்போ தொட்டியைத் தாண்டித் தொங்குது. பூ மட்டும் இல்லை.

ஊர்ல வரப்போரம் மிதிபட்டுக் கிடக்கும்போதே பூக்குமே! திப்பிலி மாதிரி சின்னக் கதிர், அதைச் சுத்தி வெள்ளையும் ஊதாவுமா ஒரு பூ வளையம். கதிர் நீள நீள வளையமும் மேலே ஏறும். இங்கே இலை வெளிறி, கணு இடைவெளி நீண்டு கிடக்கு.

காலை பத்து மணி வரைதான் வெயில். மண்புழு உரம் வேற கொஞ்சம் தாராளமா போட்டுட்டேன் ("செல்லம் கொடுத்தே கெடுத்துட்டே"ன்னு அம்மா). தட்டுல தண்ணி தேக்கவும் பயம், கொசுப்புழு இருந்தா அபராதம்.

காரிடார்ல யாருக்காவது பூத்திருக்கா? ஒட்டக் கத்தரிச்சு விடலாமா? மணல் எவ்வளவு கலக்குறீங்க? பொடுகுக்கு நல்லெண்ணெயில காய்ச்ச அம்மாவுக்கு இலையே போதும். எனக்குத்தான் அந்த வளையத்தைப் பார்க்கணும்.