இத்தனைச் சின்ன ஊருக்கு எதற்கு இவ்வளவு தானியக் கிடங்கு?

கேள்வி (பாபநாசம்):
போலந்தில் லுப்ளின் நகரத்தில் படிக்கும் என் மகள், விஸ்துலா ஆற்றங்கரையில் உள்ள கஜிமியெஷ் டோல்னிக்குப் போய்ப் படங்கள் அனுப்பியிருக்கிறாள். மூன்று தெருவும் ஒரு சந்தைத் திடலும்தான் ஊர். கரையோரமோ கோட்டை போலக் கல் கிடங்குகள். உள்ளூரில் தின்ன ஆள் ஏது?

பதில் (நீடாமங்கலம், நெல் வியாபாரம்):
அம்மா, உங்கள் ஊர்த் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் நிற்கிறதே, அந்தக் கணக்கில் இதைப் பார்க்காதீர்கள். இவை வெளியூருக்குப் போகும் சரக்கு இறங்கி ஏறிய கிடங்குகள். ஊருக்குப் பின்னால் லுப்ளின் மேட்டு நிலம். காற்று கொண்டுவந்து கொட்டிய லோயெஸ் வண்டல், நல்ல விளைச்சல். அங்கிருந்து கோதுமையும் ரை என்னும் தானியமும் வண்டியில் இறங்கி வரும். குளிரில் ஆறு உறைந்து கிடக்கும். பனி உருகித் தண்ணீர் பெருகியதும் படகேற்றி வடக்கே கிடான்ஸ்க் துறைமுகம், அங்கிருந்து கப்பலில் ஆம்ஸ்டர்டாம். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அதுதான் பிழைப்பு. பல படகுகளை கிடான்ஸ்கிலேயே உடைத்து மரமாக விற்றுவிட்டு, ஆட்கள் நடந்தே ஊர் திரும்புவார்கள். வண்டியையும் சேர்த்து விற்ற வியாபாரிகள்! எனக்குப் பொறாமைதான்.

சந்தைத் திடலில் 1615இல் கட்டிய ப்ஷிபிவா சகோதரர்களின் இரட்டை வீடுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றின் முகப்பு முழுக்கப் புனித கிறிஸ்தோபர், தோளில் குழந்தை இயேசுவைச் சுமந்து ஆற்றைக் கடக்கிறார். ஆற்று வணிகனுக்கு வேறு யார் துணை?

கேள்வி கேட்டவர்:
அவ்வளவு பணம் புழங்கிய ஊர் ஏன் வளரவில்லை, ஐயா?

பதில் (நீடாமங்கலம்):
1655இல் தொடங்கிய சுவீடன் படையெடுப்பு ஊரைச் சூறையாடியது. 1772இல் அண்டை அரசுகள் போலந்தைப் பங்கு போட்டபோது ஆற்றின் கீழ்ப்பகுதி பிரஷ்யா என்ற ஜெர்மானிய அரசின் கைக்குப் போய், சுங்கம் கழுத்தை நெரித்தது. 1877இல் வந்த ரயில் பாதையும் பக்கத்துப் புவாவி வழியாகப் போய்விட்டது. இடித்துக் கட்டக் காசில்லை; பழைய வீடுகள் தப்பின.

பதில் (மயிலாடுதுறை):
இரண்டாம் உலகப்போருக்கு முன் அங்கே ஏறக்குறையப் பாதிப் பேர் யூதர்கள். 1942இல் நாஜிகள் அவர்களை வெளியேற்றிக் கொன்றார்கள். கல்லறைக் கற்களைப் பெயர்த்துத் தளம் போட்டார்கள். அந்தக் கற்களைக் கொண்டே 1984இல் ஒரு நினைவுச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள், நடுவே பிளவோடு. வீட்டு முகப்புகளோடு அதையும் பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
அவசியம் சொல்கிறேன். எதிர்க்கரையில் யனோவியெட்ஸ் கோட்டைக்கும் போக வேண்டுமாம். டிசம்பரில் படகு உண்டா?

பதில் (நீடாமங்கலம்):
குளிர்காலத்தில் இல்லை. புவாவி பாலம் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும்.